கடமான் வரைபடத்தின் பின்பக்கம்

எங்கள் ஊரில் செய்தி மடலை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. வீட்டுப் பாதைகள் தார்ச்சாலையில் வந்து முட்டும் இடத்தில் தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும். அங்கேயே, கையுறையைக் கழற்றாமல், நாயின் கயிற்றை முழங்கையில் மாட்டிக்கொண்டு புரட்டுவார்கள். பனி தள்ளும் வண்டி முதலில் எந்தச் சாலைக்கு வரும், பள்ளியில் இந்த வாரம் என்ன சாப்பாடு, ஏரிக்கரை நீராவிக் குளியலறையில் பெண்களுக்கு எந்த நாள். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் மடித்துச் சட்டைப்பையில் செருகிவிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அந்த மடலை எழுதுகிறவள் நான். எந்த வரி எத்தனை பேர் கண்ணில் படும் என்று என்னிடம் கேட்டால் கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லிவிடுவேன்.

நீங்கள் நகரத்திலிருந்து வந்திருக்கும் விசாரணை அதிகாரி. உங்களுக்கு எங்கள் ரூக்கோலம்பி ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தேவாலயம், நடுவில் ஒரு திருப்பம். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் இருக்கிறோம். எங்களுக்கென்று ஓர் ஊராட்சி மன்றம் இருக்கிறது. அதன் செயலாளர் ரைலி கெட்டுனென் என்று உங்கள் தாளில் எழுதியிருப்பீர்கள். அந்த எழுத்தெல்லாம் சரிதான், பார்த்துவிட்டேன்.

நான் இன்று கூப்பிடாமலே வந்ததற்குக் காரணம் வெய்யோ. ஊரின் நீரேற்று நிலையத்தை முப்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன். அவனை நேற்று இரண்டாவது தடவையாக நாலு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். வெளியே வந்தவன் தன் வண்டியின் கதவைத் திறக்கத் தெரியாமல் நின்றான் என்று கடையில் சொன்னார்கள். அவன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். மிச்சத்தை நான் செய்யவில்லை. அதைச் சொல்லிவிட்டால் அவனை விட்டுவிடுவீர்கள் என்று நம்புகிறேன். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

இணைப்பு வாக்கெடுப்பைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் ஊராட்சியை உங்கள் நகரத்தோடு சேர்ப்பதா, தனியாகவே விடுவதா என்று ஊர் மக்களைக் கேட்பது. அக்டோபர் இரண்டாம் ஞாயிறு என்று தேதி குறித்திருந்தது. சேர்ந்துவிட்டால் பள்ளியை மூடுவார்கள், நூலகத்தை ஒரு பேருந்தில் ஏற்றி மாதத்துக்கு ஒரு தடவை அனுப்புவார்கள், முதியோர் இல்லத்தில் இருக்கிற பதினாலு பேரையும் அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைப்பார்கள். இதெல்லாம் என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ஊராட்சிக்கு அப்படித்தான் நடந்தது. அங்கே இப்போது பள்ளிக் கட்டடத்தில் யாரோ படகுகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை நான் மறைக்கவில்லை.

இணைப்பு வேண்டும் என்று நின்றவர்களில் முக்கியமானவர் பென்ட்டி ஹூஸ்கொனென், மரலாரி வைத்திருப்பவர், மன்ற உறுப்பினர். கடையின் காபி மேசையில் தினமும் அவர் குரல்தான். "ரைலி, உன் மடலை நிறுத்திடாத தாயே. எங்க வீட்டு அடுப்பு அதிலதான் பத்துது," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு மேசையைத் தட்டிக்கொண்டு, "ஒரு நல்ல தண்ணி குடுக்கத் துப்பில்லாத ஊராட்சி நமக்கு எதுக்குங்கறேன்? அந்தப் பம்பு எங்க அப்பா காலத்துது. ஒரு நாள் பாரு, நாம எல்லாரும் கழிவறையிலதான் வாக்குப் போடப்போறோம்," என்பார். அதற்கும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் வாக்குகள் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன். பதினைந்து, இருபது பேர் இன்னும் முடிவு செய்யாமல் இருந்தார்கள்.

வாக்கெடுப்புக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெய்யோ என் அறைக்கு வந்தான். செருப்பைக்கூடத் துடைக்கவில்லை. கையில் ஆய்வகத்திலிருந்து வந்த தாள். செப்டம்பர் மழையில் ஏதோ ஒரு வயலின் சாணக் கரைசல், ஊர்க் கிணற்றின் சிமென்ட் வளையத்தில் இருந்த விரிசல் வழியாக உள்ளே இறங்கியிருந்தது.

"ரைலி, இதைப் பாரு. மலக்கிருமி. கொஞ்சநஞ்சம் இல்லை," என்றான். "கொதிக்க வைக்காம ஒரு சொட்டு குடிக்கக் கூடாதுன்னு சொல்லிரு. இப்பவே அனுப்பு, எல்லார் போனுக்கும்."

"நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

"நான் போய் குளோரின் போடறேன். ஆனா குழாய் முழுக்கப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் உன் கையிலதான் இருக்கு."

"போ வெய்யோ. நான் இருக்கேன்ல."

அவன் போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடமாக நான் அனுப்புகிறேன் என்று சொன்னதை அனுப்பாமல் இருந்ததில்லை. ஊராட்சித் தலைவர் அப்போது இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார். அலுவலகத்தில் நான் ஒருத்திதான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, யாரும் எனக்குக் கைகாட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காபி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். கைபேசிச் செய்தி போனால் பத்து நிமிடத்தில் கடையில் இருக்கும். பதினொரு மணிக்கு பென்ட்டி ஒரு குடுவையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தோற்றுவிடுவோம். ஒரு கிணற்று வளையத்தின் விரிசலுக்காக ஒரு ஊர் இல்லாமல் போவது நியாயமா? ஐந்து நாள் பொறுத்தால் போதும், அதற்குள் குளோரினும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் தெளிவாக இருந்தேன். சொல்லாமல் இருக்கக் கூடாது. ஊராட்சி மக்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் அந்த வாரத்து மடலில் எழுதினேன். வெய்யோவின் தாளில் "மலக்கிருமி" என்றும் "கூடாது" என்றும் இருந்தது. என் வாசகம் இது: "இலையுதிர்கால மழை காரணமாகக் குடிநீரின் தரத்தில் சிறு மாறுதல்கள் காணப்படலாம். விரும்புவோர் நீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம்." இதில் பொய் என்று ஒரு சொல்லை நீங்கள் காட்ட முடியாது. "விரும்புவோர்" என்ற சொல்லை மட்டும் நாலைந்து தடவை அடித்துத் திருத்தினேன். முதலில் "அனைவரும்" என்று இருந்தது.

அடுத்தது, அதை எங்கே போடுவது என்பது. அந்த வாரம் கடமான் வேட்டை தொடங்குகிற வாரம். மடலின் நடுத்தாளில் வேட்டை வரைபடம் வரும். எந்தக் காட்டில் எந்தக் குழு எந்த நாள் சுடுகிறது என்று பார்க்காமல் எங்கள் ஊரில் ஒரு மனிதன் காளான் பறிக்கப் போகமாட்டான், குழந்தையை வெளியே விடமாட்டான். வேட்டைக்காரனோ இல்லையோ, வரைபடத்தைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. டிசம்பர்வரை அது அங்கேயே இருக்கும். வழக்கமாக அதன் பின்பக்கத்தை வெறுமையாகவே விடுவேன், வெட்டினால் வீணாகிவிடும் என்று.

குடிநீர் பற்றிய அறிவிப்பை அந்தப் பின்பக்கத்தில் போட்டேன். விளையாட்டுக் கூடத்தின் நேர மாற்றத்துக்கும், தொலைந்துபோன ஒரு பூனைக்கும் நடுவில்.

ஆக, புதன்கிழமை மாலைக்குள் அந்த அறிவிப்பு ரூக்கோலம்பியில் எல்லாச் சமையலறையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் கதவைப் பார்த்தபடி. ஆய்வகத் தாளின் பிரதி கிடைத்திருந்த மாவட்டச் சுகாதார அதிகாரி புதன் மதியம் தொலைபேசியில், "மக்களுக்குத் தெரிவிச்சாச்சா?" என்று கேட்டார். தெரிவித்தாயிற்று என்றேன். மடல் ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் போயிருந்தது, அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒரு பிரதி குத்தியிருந்தேன். அவரும் திருப்தியாகத்தான் வைத்தார்.

வெய்யோ மட்டும் அன்று மாலை கதவில் தலையை நீட்டினான். "என் போனுக்குச் செய்தி வரலியே?"

"அது ஒரேயடியா எல்லாருக்கும் போகாது வெய்யோ. தெருத்தெருவாத்தான் போகும். உனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, உன்னைக் கடைசியில போட்டிருக்கும்."

"இந்தக் கம்ப்யூட்டருக்கு மூளை இருக்குன்னு சொல்றாங்க," என்று சிரித்துவிட்டுப் போனான். கணினியைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அவன் நம்புவான். உங்களிடம் அவன், "செய்தி போயிடுச்சுன்னுதான் நினைச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னானாமே. நீங்கள் நம்பவில்லை. அவன் சொன்னது உண்மை.

என்னை ஈவிரக்கம் இல்லாதவள் என்று நீங்கள் முடிவு கட்டுவதற்கு முன், நான் எடுத்த ஏற்பாடுகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளிச் சாப்பாட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்வதும் நான்தான். அந்த வாரம் துருவிய கேரட்டையும் முட்டைக்கோஸையும் எடுத்துவிட்டுச் சூப்பாகவே போட்டேன். வியாழக்கிழமை எப்படியும் பட்டாணி சூப்புதான், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சமையல்காரம்மாவிடம், குழாய் வேலை நடக்கிறது, தண்ணீர் கலங்கலாக வரும், பாத்திரத்தைக்கூடக் கொதிநீரில் அலசு என்றேன். முதியோர் இல்லத்துக்கும் பகல்நேரக் காப்பகத்துக்கும் அதையே சொன்னேன். வீட்டில் நானும் செவ்வாய் மாலையிலிருந்து கொதிக்க வைத்தே குடித்தேன்.

பெரியவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீரைத் தண்ணீராகக் குடிக்கிறவர்கள் குறைவு, எல்லாம் காபிதான். குழந்தைகள் காபி குடிப்பதில்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்று உங்களிடம் சொல்ல ஆசை. ஆனால் வந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பள்ளிக்கும் போகாமல் பகல்நேரக் காப்பகத்துக்கும் போகாமல் வீட்டில் இருக்கும் குழந்தைகள் இருபத்து மூன்று. அவர்கள் பால் குடிப்பார்கள் என்று முடிவு செய்தேன். பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அங்கங்கே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது. கடையில் பேதி மாத்திரை தீர்ந்தது. வருடா வருடம் இலையுதிர்காலத்தில் ஒரு வயிற்றுப்போக்கு சுற்றும், அதுதான் என்று பேசிக்கொண்டார்கள். பென்ட்டியே சனிக்கிழமை மேசையில் இல்லை. படுத்துவிட்டார் என்றார்கள். அவருடைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை வாக்களிக்கவே வரவில்லை. இதை நான் திட்டமிட்டேன் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம்.

நானூற்று இரண்டுக்கு முந்நூற்று எழுபத்தேழு. நாங்கள் தனியாகவே இருக்கிறோம். ஞாயிறு மாலை பள்ளிக் கூடத்தில் வாக்கு எண்ணி அறிவித்தபோது பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். யாரோ ரொட்டிக்கு நடுவில் மீனும் பாலாடையும் அடுக்கிய பெரிய கேக் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷம் என் வாழ்க்கையில் இரண்டு தடவைகூட வந்ததில்லை. திங்கட்கிழமை காலை சரியாக எட்டு மணிக்கு ஊரில் இருக்கிற எல்லாக் கைபேசிக்கும் செய்தி அனுப்பினேன். அதில் "மலக்கிருமி" என்று போட்டேன். "கட்டாயம்" என்று போட்டேன். ஒன்றையும் குறைக்கவில்லை.

ஹில்லாவை அதற்கு முன்னாலேயே, சனிக்கிழமை, ஆம்புலன்ஸில் உங்கள் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாலு வயது. இருபத்து மூன்றில் ஒருத்தி. அந்தக் கிருமி சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துவிடுமாம். அது எனக்குத் தெரியாது. ஏழாவது நாள், வெள்ளிக்கிழமை, இறந்துபோனாள். மொத்தம் நூற்று அறுபது பேருக்கு நோய் கண்டது. மற்றவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அவள் அம்மா மின்னாவை இந்த ஊருக்கு வரவழைத்தது ஒரு வகையில் நான்தான். மூன்று வருடத்துக்கு முன் ஆள் குறைகிறது என்று ஊராட்சி மனைகளைக் கொடுத்தபோது, "காடு, ஏரி, கிணற்றிலிருந்து நேராக உங்கள் குவளைக்கு" என்று விளம்பரம் எழுதினேன். மின்னா அதைப் படித்துவிட்டு வயிற்றுப் பிள்ளையோடும் கணவனோடும் ஒரு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டும் வந்தாள். அந்தச் சின்னப் பெண்தான் ஹில்லா. மக்கள்தொகைப் பதிவேட்டில் அவளை ஆயிரத்து நூறாவது ஆளாக நான் என் கையால் எழுதினேன், மடலில் படமும் போட்டேன். அதில் நாலே நாலு பல்லோடு சிரித்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய இரங்கல் குறிப்பையும் நான்தான் எழுதினேன். முதல் பக்கத்தில், தனிக் கட்டத்தில் போட்டேன். நன்றாக அமைந்திருந்தது என்று பாதிரியார்கூடச் சொன்னார்.

மின்னா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வரைபடத்தை நீங்கள் கழற்றி, திருப்பிப் பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். மின்னா அப்போது பக்கத்தில் நின்றாளாம். வாசித்துவிட்டு, "இது இங்கேயேவா இருந்துச்சு?" என்று கேட்டாளாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவள் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வாள் என்று தெரிந்தது. பின்பக்கத்தைப் பார்க்காதது அவள் தப்பு இல்லை என்று அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டும். நான் போய்ச் சொன்னால் நன்றாக இருக்காது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு மின்னா வீட்டிலிருந்து என் மேசைக்கு வந்த அழைப்பு. நாலு நிமிடம் பேசியிருக்கிறீர்களே, என்ன பேச்சு என்று முதல் நாள் கேட்டீர்கள். நூலகத்தின் நேரம் விசாரித்தாள் என்றேன். அது மட்டும் பொய். இந்த விஷயம் முழுவதிலும் நேருக்கு நேராக நான் சொன்ன பொய்கள் மிகவும் குறைவு, அதனால் அதைத் திருத்திவிட விரும்புகிறேன்.

"ரைலி, தொந்தரவு பண்றேன்னு நினைச்சுக்காதீங்க," என்றாள். "ஹில்லாவுக்கு நேத்து சாயந்திரத்திலேர்ந்து வயித்தால போகுது. தண்ணியில ஏதாவது கோளாறா? உங்களைக் கேட்டாத்தான் தெரியும்."

மின்னா தினமும் மதியம் கடைக்குப் போய் ரொட்டி வாங்குகிறவள். எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"மடல்ல எல்லாமே போட்டிருக்கேனே மின்னா, பார்க்கலியா?"

"பார்த்தேனே. சூப்பு, வேட்டை… தண்ணியைப் பத்தி ஒண்ணும் கண்ணுல படலியே."

"அப்புறம் என்ன? இது ஊர்ல சுத்தற வயித்து வலிதான். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"பாலு குடுத்தா வாந்தி எடுக்கறா. என்ன குடுக்கறதுன்னே தெரியல."

"பாலை நிறுத்திடு. உடம்புல தண்ணி வத்திடாம பார்த்துக்கறதுதான் முக்கியம். நிறைய தண்ணி குடு."

"குழாய்த் தண்ணியே குடுக்கலாமா?"

"நம்ம ஊர்த் தண்ணிதானே," என்றேன். "கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடு."

அவளுக்குக் குரலே மாறிவிட்டது, அத்தனை நிம்மதி. ரொம்ப நன்றி, ஒரு நிமிஷம் இருங்க, கேக்கறா பாருங்க என்று தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். குழாயைத் திறக்கிற சத்தமும், குவளை நிறைகிற சத்தமும், "குடிடா கண்ணு, ரைலி சொல்லியிருக்காங்க" என்று அவள் சொல்வதும் எனக்குக் கேட்டன. அவள் திரும்பி வந்து விடைபெறும்வரை நான் தொலைபேசியை வைக்காமல் காத்திருந்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒருவருடைய அழைப்பைக்கூட நான் பாதியில் துண்டித்ததில்லை.